சவாரிக்கு ஆகாத குதிரையைக் கைமாற்றுவது துரோகமா?

நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்ட வரையில் சுருக்கிச் சொல்கிறேன். குதிரைக்கு 22 வயது, 14 வருடமாக உங்களிடம் இருக்கிறது. பின்னங்கால் மூட்டுகள் தேய்ந்துவிட்டதால் இனி ஏறி ஓட்டக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இரண்டு குதிரைகளை வைத்துச் சமாளிக்க வசதி இல்லை, சவாரியை விடவும் மனம் வரவில்லை. இந்த நேரத்தில் தெரிந்தவர் மூலமாக ஒருவர் வந்து, "என் குதிரை தனியாக நிற்கிறது, அதற்குத் துணையாக இருக்கட்டும், சும்மா கொடுத்தால் கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். கொடுத்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். இடம் தேடுவதுதான் பிரச்சினை என்றால் அது தீர்ந்துவிட்டது, கேள்வியே வந்திருக்காது. இத்தனை வருடம் சுமந்த ஒரு ஜீவனை, சுமக்க முடியாமல் போனதும் தள்ளிவிட எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்பதுதான் உங்களை உறுத்துகிறது என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் குதிரைகளுக்கு வைத்தியம் பார்க்கும் கால்நடை மருத்துவர். அதிகம் பார்ப்பது வயதானவற்றைத்தான். அவற்றில் பல, கடைசிக் காலத்தில் இரண்டு மூன்று கை மாறி வந்தவை. அறம் பற்றி முறையாகப் படித்தது கிடையாது, அதனால் அந்தப் பகுதியில் நான் சொல்வதை ஒரு ஆளின் அபிப்பிராயமாக மட்டும் வையுங்கள். உடம்பைப் பற்றிச் சொல்வதை நம்பலாம். கொடுப்பதே பாவம் என்று நான் நினைக்கவில்லை. குதிரையோடு சேர்த்து, அதன் கடைசி முடிவை எடுக்கும் பொறுப்பையும் இன்னொருவர் தலையில் கட்டிவிட்டு வருவதைத்தான் தவறு என்கிறேன். நான் பார்த்த பெரும்பாலான இடமாற்றங்களின் அடியில் இருந்தது இதுதான். "எங்கேயோ நன்றாக இருக்கிறது" என்ற நினைப்போடு அந்த நாளைப் பார்க்காமல் தப்பித்துக்கொள்வது.

முதலில் குதிரையின் பக்கத்திலிருந்து பார்ப்போம். உங்களைப் பிரிந்தால் ஏங்குமா? தன்னை நன்றாக நடத்திய மனிதரைக் குதிரை பல மாதம் கழித்தும் நினைவு வைத்திருக்கும், முகத்தையும் குரலையும் பிரித்து அறியும் என்பதெல்லாம் ஆய்வுகளில் தெரிந்த விஷயம். அந்த மனிதர் வராமல் போனால் நாம் சொல்கிற அர்த்தத்தில் அது ஏங்குகிறதா என்பதை யாரும் அளந்து காட்டியதில்லை. ஆமாம் என்று அடித்துச் சொல்பவரையும் நான் நம்புவதில்லை, குதிரைக்கு அதெல்லாம் தெரியாது என்பவரையும் நம்புவதில்லை. எனக்குத் தெரிந்து அதற்குப் பெரிய இழப்பு நீங்கள் அல்ல, கோபித்துக்கொள்ளாதீர்கள். கூடவே மேய்ந்து, ஒன்றன் பிடரியை ஒன்று சொறிந்துகொண்டு நிற்கும் கூட்டாளிக் குதிரைதான். அதற்கு அடுத்தது பழகிய இடமும் நேரமும். கண் மங்கிய கிழக் குதிரைகள் தங்கள் மேய்ச்சல் வெளியை மனப்பாடமாக வைத்திருக்கும். தண்ணீர்த் தொட்டி எங்கே, வேலி எங்கே திரும்புகிறது என்பதெல்லாம் அத்துப்படி. பார்வை போய்விட்டது என்பதே உரிமையாளருக்குத் தெரியாமல் வருடக்கணக்கில் ஓடியிருக்கும். வண்டியில் ஏற்றிப் புது இடத்தில் இறக்கியதும் தெரிந்துவிடும்.

தூக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை அனேகம் பேர் கவனிப்பதே இல்லை. குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்பது பாதி உண்மை. லேசான தூக்கம் நின்றபடி வரும். கனவு காணும் கட்டத்தில் தசைகள் முழுக்கத் தளர்ந்துபோவதால் அதற்குப் படுத்தே ஆக வேண்டும், நாளுக்கு ஏறக்குறைய அரை மணி நேரமாவது அது தேவை. பயமில்லாத இடத்தில், காவலுக்கு இன்னொரு குதிரை நிற்கும்போதுதான் நிம்மதியாகப் படுக்கும். மூட்டுவலிக்காரக் குதிரைக்குப் படுப்பதும் வலி, எழுவதும் வலி. புது இடம், புது வாசனை, பழகாத தரை, இதோடு வலியும் சேர்ந்தால் நாள்கணக்கில் படுக்காமலே இருந்துவிடும். அப்புறம் நின்றபடியே கண் சொக்கி, தலை மெல்ல மெல்லத் தொங்கி, சட்டென்று முன்னங்கால்கள் மடிந்து, தரையைத் தொடப்போகிற நேரத்தில் திடுக்கிட்டு நிமிரும். இடம் மாறிச் சில வாரமான ஒரு கிழப் பெண் குதிரையைப் பார்க்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நன்றாகச் சாப்பிடுகிறது, பரம சாது, எங்கோ இடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான் என்றார்கள். இரண்டு முன்கால்களிலும் குளம்புக்கு மேலே இருக்கும் கணுவின் முன்பக்கத்தில், ஒரே உயரத்தில், பழைய பொருக்கின் மேல் புதுப் பொருக்கு. இடித்த காயம் இரண்டு காலிலும் இப்படி ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வராது. விலாவில் கையை ஓட்டிப் பார்த்தேன், ஒரு துரும்பு ஒட்டியிருக்கவில்லை. படுத்து எழுந்த குதிரையாக இருந்தால் காலையில் மேலெல்லாம் துரும்பாக இருக்கும். வந்ததிலிருந்தே அது சரியாகப் படுக்கவில்லை என்று எனக்குத் தோன்றியது. வலிக்கு மருந்து கொடுத்து, படுக்கையைத் தடிமனாகப் போட்டு, கண்ணில் படும் தூரத்தில் இன்னொரு குதிரையைக் கட்டச் சொன்னேன். பிறகு படுக்க ஆரம்பித்தது. அதை வாங்கிக்கொண்டவர்கள் நல்லவர்கள், அக்கறையாகத்தான் வைத்திருந்தார்கள். நல்ல மனது இருந்தால் போதும் என்று நினைக்காதீர்கள் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன், எதைப் பார்க்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது, உங்கள் குதிரைக்கு முன்னால் இருக்கும் காலம். நன்றாகப் பராமரித்தால் குதிரைகள் 25, 30 வயது வரை வாழும். அப்படியென்றால் அந்த மனிதர் ஏற்றுக்கொள்வது இன்னும் எட்டு வருடமாகக்கூட இருக்கலாம், அந்த எட்டு வருடமும் வருடத்துக்கு வருடம் செலவு கூடும். குதிரைப் பல் ஆயுள் முழுக்க வருடத்துக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவில் ஈறிலிருந்து மேலே வந்துகொண்டே இருக்கும், தேய்ந்துகொண்டே இருக்கும். இருப்பு தீர்ந்த பிறகு வருவதற்கு ஒன்றும் இல்லை. அப்போது உலர்ந்த புல்லை மென்று மென்று, விழுங்க முடியாமல் உருண்டையாகத் துப்பும். பக்கத்தில் போய்ப் பார்க்காதவருக்கு, தொட்டி காலியாகிறதே, சாப்பிடுகிறதே என்றுதான் தோன்றும். அந்த நிலையில் ஊறவைத்துக் குழைத்த தீவனத்தை நாளுக்குப் பல தடவை கொடுக்க வேண்டும். 500 கிலோ குதிரைக்குப் பொதுவாக நாளுக்கு ஏழரை முதல் 10 கிலோ வரை உலர்தீவனம் போக வேண்டும். அதை ஊறவைத்து, வெயிலில் புளிக்காமல், குளிரில் உறையாமல் கொடுப்பது எவ்வளவு வேலை என்று யோசித்துப் பாருங்கள். 15 வயதைத் தாண்டிய குதிரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்குக் குஷிங் நோய் என்கிற, பிட்யூட்டரி சுரப்பி சம்பந்தப்பட்ட கோளாறு இருக்கும். முடி உதிராமல் நீண்டு சுருளும், முதுகுத் தசை கரையும், குளம்புக்குள் அழற்சி வந்து நிற்கவே முடியாத வலி வரும். பெர்கோலைடு மாத்திரையைத் தினமும் கொடுக்க வேண்டும், சாகும்வரை. இது போக ஆறு எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவுவது, வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை பல் பார்ப்பது எல்லாம் உண்டு. சவாரி நின்றால் சேணத்தின் செலவு மட்டும்தான் மிச்சம்.

"துணைக்குத்தான், வேலை ஒன்றும் கிடையாது" என்று சொல்லிக் கேட்பவர்களிடம் நான் எச்சரிக்கையாக இருப்பது இதனால்தான். அவர்கள் பொய் சொல்வதில்லை. கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள். அவருடைய குதிரை நாளை செத்துப்போனாலோ, அவர் அதை விற்றுவிட்டாலோ உங்கள் குதிரைக்கு அங்கே என்ன வேலை? துணை தேவைப்பட்ட குதிரை போனதும் துணைக்கு வந்தது தனியாக நிற்கும். அதற்கு ஒரு துணை தேட வேண்டும், இல்லையென்றால் அதையும் அனுப்ப வேண்டும். இரண்டாவது கைமாற்றம் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் நடக்கிறது, அப்போது உங்களைக் கேட்க யாருக்கும் ஞாபகம் வராது.

உழைத்த பிராணிக்கு நாம் கடன்பட்டிருக்கிறோமா என்பது புதுக் கேள்வி ஒன்றும் இல்லை. ரோமானிய அரசியல்வாதி கேட்டோ, ஸ்பெயினில் தன்னைப் போர்க்களத்தில் சுமந்த குதிரையைக் கப்பல் செலவு அரசாங்கத்துக்கு மிச்சமாகட்டும் என்று அங்கேயே விட்டுவிட்டு வந்தாராம். வயதான அடிமைகளை விற்றுத் தள்ளியவரும் அவரே. அவர் வாழ்க்கையை எழுதிய புளூட்டார்க், இதைச் சிக்கனம் என்பதா அற்பத்தனம் என்பதா என்று வாசகரிடமே விடுவதுபோல் விட்டுவிட்டு, தேய்ந்துபோன குதிரைகளையும் நாய்களையும் கடைசிவரை வைத்துக் காப்பாற்றுவதுதான் நல்ல மனிதருக்கு அழகு என்று தன் கட்சியையும் சொல்லிவிடுகிறார். ஏதென்ஸில் கோயில் கட்டியபோது உழைத்து ஓய்வு கொடுக்கப்பட்ட ஒரு கோவேறு கழுதை, தானாகவே வந்து மற்றவற்றோடு மேட்டில் ஏறி இறங்கியதாகவும், ஊரார் அதற்குப் பொதுச் செலவில் தீனி போட்டதாகவும் அவர் எழுதுகிறார். நான் புளூட்டார்க் கட்சி, ஆனால் ஒரு திருத்தத்தோடு. "கடன்" என்ற வார்த்தை நம் மனசாட்சிக்குச் சரியாகப் பொருந்துகிறது, குதிரைக்கு அப்படி ஒரு கணக்கு இல்லை. தான் 14 வருடம் சுமந்தோம் என்று அது வரவு எழுதி வைத்திருக்கவில்லை. கடனைத் தீர்க்கிறேன் என்று வசதியில்லாத இடத்தில், போதாத தீவனத்தோடு, வலிக்கு மருந்து வாங்க முடியாமல் நீங்களே வைத்துக்கொண்டால் உங்கள் மனசாட்சி நிம்மதியாக இருக்கும், குதிரை இருக்காது. அப்படி, 'நான் கைவிட மாட்டேன்' என்ற பிடிவாதத்தில் எலும்பும் தோலுமாக நின்ற குதிரைகளையும் பார்த்திருக்கிறேன். வைத்துக்கொள்வதாலேயே ஒருவர் உத்தமர் ஆகிவிடுவதில்லை.

ஆனால் ஒன்றை நீங்கள் உங்களுக்கே நேர்மையாகச் சொல்லிக்கொள்ள வேண்டும், நான் வெளிப்படையாகக் கேட்கிறேன். உங்களுக்கு இந்தக் குதிரையை வைத்துப் பார்க்க வசதி இல்லையா, இல்லை இதையும் புதுக் குதிரையையும் சேர்த்து வைக்க வசதி இல்லையா? நீங்கள் எழுதியதில் இரண்டாவதுதான் தெரிகிறது. முதலாவது கஷ்டம், யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. இரண்டாவது ஆசை. ஆசைப்படுவது தப்பில்லை, சவாரி இல்லாமல் குதிரை வளர்க்கிறவர்கள் எல்லோரும் சந்நியாசிகள் இல்லை. ஆனாலும் இன்னொருவருடைய குதிரையை வாரத்தில் சில நாள் வாடகைக்கோ பகிர்ந்தோ ஓட்டிக்கொண்டு இதை வைத்துக்கொள்ளும் வழி ஒன்று இருக்கிறது. அதை நீங்கள் யோசித்ததாக எழுதவில்லை.

சரி, கொடுப்பது என்றே முடிவு என்றால், இலவசமாகக் கொடுப்பதில் இருக்கும் ஆபத்தைச் சொல்ல வேண்டும். விலையில்லாத குதிரை யாருக்கும் லாபமாகும். வலி மருந்தைக் கொடுத்துச் சில நாள் நொண்டாமல் நடக்க வைத்து, வயதைக் குறைத்துச் சொல்லி, பிள்ளைகளுக்கு ஏற்ற சாதுவான சவாரிக் குதிரை என்று விற்பவர்கள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். பல்லைப் பார்த்து வயது சொல்வது இளம் குதிரையில் ஓரளவு சரியாக வரும், வயது ஏற ஏறத் தோராயம்தான், அதனால் 22ஐ 16 என்று சொன்னால் பலர் நம்பிவிடுவார்கள். அப்புறம் நொண்ட ஆரம்பித்ததும் அடுத்த கை, அதற்கு அடுத்தது மாட்டுச் சந்தையோ கசாப்போ. உங்களிடம் கேட்பவர் அப்படிப்பட்டவர் என்று சொல்லவில்லை, அவருக்கு அடுத்தவர் யார் என்பது அவருக்கே தெரியாதே.

அதனால் நான் சொல்லும் வழி, கொடுக்காதீர்கள், ஒப்படையுங்கள். குதிரை சட்டப்படி உங்கள் பெயரிலேயே இருக்கட்டும், அவர் இடத்தில் இருக்கட்டும். விற்கவோ வேறொருவருக்குக் கொடுக்கவோ கூடாது, வைத்துக்கொள்ள முடியாமல் போனால் உங்களிடமே திரும்ப வர வேண்டும், யாரும் ஏறி ஓட்டக் கூடாது என்று எழுதிக்கொள்ளுங்கள். தீவனமும் குளம்பும் அவர் பொறுப்பு, வைத்தியச் செலவில் இவ்வளவு உங்களுடையது என்று பிரித்து எழுதுங்கள். முழுச் செலவையும் கொடுக்க முடியாவிட்டாலும் மருந்துச் செலவை நீங்கள் ஏற்றுக்கொண்டால் மருந்து நிற்காது, அனுபவத்தில் சொல்கிறேன். மிக முக்கியமானது, உங்களைத் தொடர்புகொள்ள முடியாத அவசரத்தில் கருணைக்கொலைக்குச் சம்மதிக்கும் அதிகாரம் மருத்துவர் சொல்படி அவருக்கு உண்டு, மற்ற நேரத்தில் அந்த முடிவு உங்களுடையது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். இப்படிப்பட்ட ஒப்பந்தம் நீதிமன்றத்தில் எவ்வளவு நிற்கும் என்பது நாட்டுக்கு நாடு மாறும், வழக்கறிஞரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். குதிரையை முற்றாகக் கொடுத்துவிட்டு, பிறகு எழுதி வாங்கும் நிபந்தனைகளை நான் பெரிதாக நம்புவதில்லை. உரிமை போன பிறகு நிபந்தனையைக் காப்பாற்ற வைப்பது கஷ்டம். எது எப்படியிருந்தாலும் நோயை மறைக்காதீர்கள்: எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, எந்த மருந்தை எவ்வளவு கொடுக்கிறீர்கள், ஒருநாள் கொடுக்காவிட்டால் எப்படி நடக்கிறது என்பது வரை சொல்லுங்கள். மருந்து கொடுத்த நாளில் குதிரையை நடத்திக் காட்டிவிட்டு மருந்தைப் பற்றிப் பேசாமல் இருப்பது ஏமாற்று வேலை, அதற்கு வேறு பெயர் கிடையாது.

கடைசியாக, கேட்க உங்களுக்குத் தயக்கமாக இருந்திருக்கும் விஷயம். கொடுப்பதற்குப் பதில் இங்கேயே, பழகிய இடத்தில், நிம்மதியாகக் கண்ணை மூட வைப்பது சரியா? இதில் மருத்துவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. குதிரை அடுத்த வருடத்தைப் பற்றித் திட்டம் போட்டு வாழ்வதாகத் தெரியவில்லை, அதற்கு இன்றைய வலியும் இன்றைய நிம்மதியும்தான் தெரியும், அதனால் வலியில்லாமல் முடிவது அதற்கு நஷ்டம் இல்லை என்று ஒரு கட்சி. நன்றாக வாழக்கூடிய நாள்களைப் பறிப்பது நஷ்டம்தானே என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவதுக்குப் பக்கத்தில் நிற்கிறேன்; நன்றாகச் சாப்பிட்டு, படுத்து எழுந்து, வெளியில் நடமாடும் குதிரையை வசதிக்காக முடிப்பது எனக்கு ஒப்பவில்லை. ஆனால் தினசரி மருந்து இல்லாமல் நிற்க முடியாத, பல் போன, கண் தெரியாத குதிரையை முன்பின் தெரியாத இடத்துக்கு அனுப்புவதா, இங்கேயே முடிப்பதா என்று கேட்டால், இங்கேயே முடியுங்கள் என்பேன். அனுப்புகிறவரைப் பெருந்தன்மைக்காரர் என்றும் முடிக்கிறவரைக் கல்நெஞ்சக்காரர் என்றும் பேசுவார்கள், பேசட்டும். ஒரு நடைமுறை விஷயம்: கருணைக்கொலைக்குப் போடும் பெண்டோபார்பிட்டால் ஊசியில் இறந்த குதிரையின் உடம்பை நாயோ கழுகோ தின்றால் அவையும் சாகும், ஆகவே ஆழமாகப் புதைக்கவோ எரிக்கவோ முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும். அன்றைக்கு உங்களால் அதையெல்லாம் யோசிக்க முடியாது.

உங்கள் குதிரை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதைப் பார்க்காமல் நான் சொல்ல முடியாது. நீங்களே ஓரளவு பார்க்கலாம். உடம்பு எவ்வளவு மெலிந்திருக்கிறது, பருத்திருக்கிறது என்பதற்கு ஹென்னெக் என்ற ஆய்வாளர் 1983இல் வகுத்த 1 (எலும்பும் தோலும்) முதல் 9 (மிதமிஞ்சிய கொழுப்பு) வரையான அளவுகோலை வைத்து மாதம் ஒருமுறை விலா, முதுகு, வாலடி ஆகிய இடங்களைக் கையால் தடவி மதிப்பெண் எழுதுங்கள். வலிக்கு 2014இல் வெளியான முகபாவ அளவுகோல் ஒன்று இருக்கிறது: விறைத்துப் பின்னால் போகும் காது, இடுங்கிய கண், கண்ணுக்கு மேல் இறுக்கம், விறைத்த தாடைத் தசை, இறுகிய வாய், நெரிந்த மூக்குத் துளை. தீனி வைக்கும் நேரத்தில் பார்க்காதீர்கள், தீனியைக் கண்டால் எல்லாக் குதிரையும் நன்றாகத்தான் இருக்கும். நீங்கள் இருப்பது தெரியாமல் தூரத்திலிருந்து பாருங்கள். காலையில் மேலே துரும்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இதெல்லாம் திருப்தியாக இருந்து, அந்த மனிதரின் இடமும் சரியாக இருந்தால், இரண்டு மூன்று மாதச் சோதனைக் காலம் வைத்து அனுப்புங்கள். தீவனத்தை மாற்றுவதானால் 10 நாள் முதல் இரண்டு வாரம் வரை கொஞ்சம் கொஞ்சமாக மாற்றச் சொல்லுங்கள், திடீர் மாற்றம் வயிற்றுவலியில் கொண்டுபோய் விடும். அனுப்புவதற்கு முன் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: நடுராத்திரியில் குதிரை உருண்டு புரள்கிறது, வந்த மருத்துவர் குடல் முறுக்கிவிட்டது, அறுவை சிகிச்சை செய்ய வேண்டும், இல்லையென்றால் இப்போதே ஊசி போட வேண்டும் என்கிறார், என்ன செய்வீர்கள்? வயதான குதிரைகளில் காம்பு போலத் தொங்கும் கொழுப்புக் கட்டி குடலைச் சுற்றி நெரித்துவிடுவது அபூர்வம் இல்லை, அதனால் இது கற்பனைக் கேள்வி அல்ல. "அப்படியெல்லாம் ஒன்றும் ஆகாது" என்று சொன்னால் அவரிடம் கொடுக்காதீர்கள். "யாரைக் கூப்பிட வேண்டும், உங்கள் எண் எங்கே எழுதி வைக்கட்டும்" என்று திருப்பிக் கேட்டால், வண்டிக்குச் சொல்லிவிடலாம்.